அட்டை

பாமசிக்கு மேலே, இரண்டாம் மாடி.
இருமிக்கொண்டே படியேறுகிறவர்களை
கீழேயே திருப்பிவிடுவாள் ஃபஸ்லியா.
இரண்டு கணினி, ஒரு பிரின்டர்,
மழைக்குப் பயந்து பாலித்தீன் போர்த்திய கட்டர்.
ஹட்டனில் எங்களுக்கு மூன்று வயது.

பூப்புனித நீராட்டு பேனர்,
டியூஷன் வாத்தியார் கைகட்டி நிற்கும் போஸ்டர்,
கண்ணீர் அஞ்சலி.
பிறந்தநாளுக்குச் சிரித்த அதே படம்
அஞ்சலிக்கும் வரும்.
சிரிப்பை விட்டுவிட்டு
முன்னால் இருக்கும் கேக்கை மட்டும் வெட்டுவேன்.

பாமினியில் அடித்த கடிதத்தை
வேறு எழுத்துருவில் திறந்தால்
மலை என்ற சொல்
'கிய்' என்று கத்தும், குருவி மாதிரி.
அதைத் திரும்ப மலையாக்க
பக்கத்துக்கு ஐம்பது ரூபாய்.

தேயிலைப் பெட்டிக்கு லேபல் கேட்டவர்
கொழும்பிலிருந்து வந்தார்.
அன்று கரண்ட் இல்லை.
ஜன்னலுக்கு வெளியே பனி இறங்கி
பஸ் நிலையம் போயிற்று,
கோபுரம் போயிற்று,
மிஞ்சியது பொகவந்தலாவை பஸ்ஸின் சிவப்பு மூலையும்
'ஏறு ஏறு' என்ற குரலும்தான்.
அதை அப்படியே வைத்தேன்.
வெள்ளைப் பெட்டி. ஓரத்தில் ஒரு சிவப்பு.

"முழுப் பெட்டிக்கும்தானே காசு தாறேன்,
ஏன் இவ்வளவு இடத்தைச் சும்மா விட்டிருக்கிறீங்க?"

கடைசியில் கூடையோடு ஒருத்தி சிரித்தாள்.
இணையத்தில் வாங்கிய சிரிப்பு.
பெரிதாக்கிப் பார்த்தேன்,
விரலில் கறை இல்லை, நகப்பூச்சு இருந்தது.
"அனுப்பு," என்றாள் ஃபஸ்லியா,
"வாடகை கட்டணும்."

ஐப்பசி மழையில் டிலுக்சன் வந்தான்.
வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ் திருத்துகிறவன்.
அட்டை அடிக்க வேண்டுமாம்.
காலில் இன்னொரு அட்டை
குடித்துக் கொழுத்து, கழன்று விழுந்து
எங்கள் தரையிலும் ஓரத்தில் ஒரு சிவப்பு.
கீழேயிருந்து பஞ்சு வந்தது.

பெயர் அடித்தாயிற்று. தொழில். தொலைபேசி.
முகவரி?
கர்சர் துடித்தது.
"தோட்டத்துப் பேரு போடுங்க. மேற்பிரிவு."
இலக்கம்?
"லயத்துக்கு நம்பர் இருக்கு, எங்க வீட்டுக்கு இல்ல.
கடிதம் ஆபீசுக்கு வரும்.
யாராவது கொண்டுவந்தா வரும்.
விட்டுடுங்க அக்கா, இடம் சும்மா கெடக்கட்டும்."

நான் அன்று ஆசைப்பட்ட வெள்ளைதான்.
இவன் அட்டையில் அது கண்ணைக் கூசியது.

"வீட்டுக்கு எப்படிப் போவீங்க? அதைச் சொல்லுங்க."

பஸ் இறங்கினால் உடைந்த மைல்கல்.
இடது பக்கம் ஏறினால் தண்ணித் தாங்கி.
முனியாண்டிக்கு நட்ட சூலம்,
செருப்போடு கடந்தாலும் அவர் ஒன்றும் சொல்லமாட்டார்.
பிறகு படி. எத்தனை?
கண்ணை மூடிக்கொண்டான்,
கால்விரல்கள் அசைந்தன.
"அறுபத்தேழு. ரெண்டு ஒடஞ்சது, அதையும் சேத்து."
ஆறாவது கதவு. நீலம்.

அட்டையின் பின்பக்கம் முழுக்க வரைந்தேன்.
மைல்கல்லுக்கு ஒரு புள்ளி,
படிக்கு அறுபத்தேழு மெல்லிய கோடு,
அதில் இரண்டை நானே உடைத்தேன்.
கதவுக்கு மட்டும் நிறம்.
கரண்ட் இரண்டு முறை போய் வந்தது,
மத்தியானச் சோறு ஆறிப்போனது.
நூறு அட்டைக்கு இவ்வளவு நேரமா என்று திட்டியவள்
கடைசியில் குனிந்து பார்த்து
சூலத்தைக் கொஞ்சம் சாய்க்கச் சொன்னாள்.
அசலில் சாய்ந்துதான் இருக்குமாம்.
எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

பத்து நாள் கழித்து அழைப்பு.
எழுத்துப் பிழையாக்கும் என்று வயிறு கலங்கியது.
படத்தைப் பார்த்து ஓர் ஆள் வந்தானாம்,
மோட்டரைத் தோளில் வைத்துக்கொண்டு
அத்தனை படியும் ஏறி.
வந்து நின்று கேட்டானாம்:
"இதுவா நீலம்?"

உண்மைதான். எப்போதோ நீலமாக இருந்த கதவு.

"ஹார்ட்வெயார்ல நிக்கிறேன் அக்கா,
கார்ட்ல போட்டீங்களே,
அந்த நீலத்துக்கு என்ன நம்பர்?"

சியான் எண்பத்தைந்து, என்றேன்.
மஜென்டா நாற்பது.
அந்தப் பக்கம் யாரோ டின் மூடியை நெம்புகிற சத்தம்.
"மெதுவா சொல்லுங்க. எழுதிக்கிறேன்."